வாசல் விளக்கு, மோட்டார், நடைவழி: முதியோர் வீடு ஒன்றில் ஸ்மார்ட் ஹோம் அமைத்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருச்சியில் 1994-இல் கட்டிய தனி வீடு. தரைத்தளம் மட்டும், மொட்டைமாடிக்கு வெளிப்புறப் படிக்கட்டு. இருப்பவர்கள் இருவர். கணவருக்கு 76 வயது, பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு 71, இரண்டு முழங்காலிலும் வலி. ஒரே மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறார்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக வீட்டு வயரிங் வேலை செய்கிறவன். அந்த வீட்டில் மின்விசிறி மாட்டியதிலிருந்து இன்வெர்ட்டர் இணைத்தது வரை என் கைதான். ஆனால் கைப்பேசியிலிருந்து இயக்கும் ஸ்மார்ட் சாதனங்களில் அப்போது நானும் ஏறக்குறையப் புதியவன். அதற்கு முன் இரண்டு வீடுகளில் நாலைந்து சுவிட்சுகள் மாட்டியிருந்தேன், அவ்வளவுதான். அதனால் இதில் வரும் தவறுகளில் சில என்னுடையவை.

2023 ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்த மகள் நான்கு ஸ்மார்ட் பல்புகள், இரண்டு ஸ்மார்ட் பிளக்குகள், பேச்சுக்குப் பதில் சொல்லும் ஒலிபெருக்கி ஒன்று, வாசலுக்கு ஒரு கேமரா ஆகியவற்றை வாங்கி, தானே மாட்டிவிட்டு ஊருக்குப் போனார். மூன்று வாரம் கழித்து என்னிடம் தொலைபேசியில் கேட்டார்: “அண்ணா, எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறீர்களா, இல்லை சரிசெய்ய முடியுமா? அப்பா என்னோடு பேசுவதையே குறைத்துவிட்டார்.”

முதல் முயற்சியில் என்ன நடந்தது

நான் போனபோது ஹால் சுவிட்ச் பலகையில் இரண்டு சுவிட்சுகளின் மேல் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம்: “தொட வேண்டாம்.” டேப்பின் ஓரங்களில் தூசி படிந்து கறுத்திருந்தது. தன் வீட்டுச் சுவரில், தான் தொடக்கூடாத சுவிட்ச். அந்த அம்மா அதைப் பற்றி என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் டேப்பின் ஒரு முனை நகத்தால் கிளப்பப்பட்டு மறுபடியும் ஒட்டப்பட்டிருந்தது.

டேப்புக்குக் காரணம் எளிது. ஸ்மார்ட் பல்புக்கு எப்போதும் மின்சாரம் வந்துகொண்டிருக்க வேண்டும். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டால், செயலியில் எத்தனை முறை தட்டினாலும் பல்பு எழாது. அறையைவிட்டு வெளியே வரும்போது கை தானாகச் சுவிட்சுக்குப் போவது அந்த அம்மாவுக்கு நாற்பது வருடப் பழக்கம். முதல் நாளே பல்புகள் செத்தன. மகள் பெங்களூரிலிருந்து “சுவிட்சைத் தொடாதீர்கள் அம்மா” என்று தினமும் சொல்ல ஆரம்பித்தார்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நள்ளிரவு மின்தடை. இரண்டு மணிவாக்கில் மின்சாரம் திரும்பியதும் படுக்கையறைப் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. மின்சாரம் வந்தவுடன் எரியும்படிதான் இத்தகைய பல்புகள் பெரும்பாலும் கடையிலிருந்து வருகின்றன. வெறும் சுவர் சுவிட்சிலேயே விளக்கைப் போட்டு அணைக்கிறவர்களுக்கு அது வசதி, தூங்குகிறவர்களுக்கு இல்லை. பெரியவர் திருடன் வந்துவிட்டான் என்று எழுந்து, கையில் டார்ச்சோடு வெளிச்சமான அறையில் நின்றதாகச் சொன்னார். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

கேமராவின் மேல் அவருடைய துண்டு தொங்கியது. “என் வீட்டுத் திண்ணையில் நான் பனியன் இல்லாமல் உட்காருவேன். அதைப் பெங்களூரில் ஒருத்தர் பார்க்க வேண்டியதில்லை” என்றார். கேமரா வாங்கிய நாளிலிருந்து அதன் ஆரம்பக் கடவுச்சொல்லும் மாற்றப்படவில்லை. 2016-இல் மிராய் என்ற தீநிரல், கடையில் வைத்த கடவுச்சொல்லோடு அப்படியே விடப்பட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்துத்தான் பெரிய இணையத் தாக்குதல்களை நடத்தியது. துண்டு போட்டது ஒருவகையில் பாதுகாப்புதான்.

இவற்றையெல்லாம்விட என்னைக் கவலைப்படுத்தியது குளியலறை. கீசர் 25 லிட்டர், 2000 வாட். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். அதன் பிளக் பெரிய மூன்று முள் பிளக். மகள் வாங்கிய ஸ்மார்ட் பிளக் சிறிய வகை, 10 ஆம்பியர். இரண்டும் பொருந்தாததால் யாரோ சொல்லி, இடையில் ஒரு மலிவான மாற்றுப் பிளக்கைச் செருகியிருந்தார்கள். அதைக் கழற்றினேன். உள்பக்கம் ஒரு துளையைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் தேநீர் நிறத்துக்கு மாறி, விளிம்பு மெழுகுபோல வழிந்து உறைந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் கருகிய வாசனை. இன்னும் எத்தனை குளியல் தாங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. அன்றே கீசரைப் பழையபடி நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகிவிட்டு, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தது

மகளிடம் நான் கேட்டது ஒன்றுதான்: எதையும் வாங்காமல் எனக்கு ஒரு நாள் வேண்டும். ஒரு வியாழக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை அந்த வீட்டில், சின்னச் சின்னப் பழுதுகளைப் பார்த்துக்கொண்டே, யார் எந்தச் சுவிட்சுக்கு எத்தனை முறை போகிறார்கள் என்று நோட்டில் குறித்தேன்.

ஹால் விளக்குக்காக யாரும் சிரமப்படவில்லை. மின்விசிறிக்கும் இல்லை. மகள் மூன்று வாரம் போராடியது, அந்த வீட்டில் யாருக்கும் தொல்லையாக இல்லாத விஷயங்களோடு.

மோட்டார் வேறு கதை. தெருக் குழாய்த் தண்ணீர் கீழ்த்தொட்டியில் விழுகிறது. அங்கிருந்து அரை குதிரைத்திறன் மோனோபிளாக் மோட்டார் அதை மாடியிலுள்ள 1000 லிட்டர் தொட்டிக்கு ஏற்றுகிறது. மோட்டார் சுவிட்ச் பின்கட்டில், இரண்டு படி இறங்கிப் போகும் இடத்தில். காலை 6.15-க்கு அம்மா போய்ப் போட்டார். சமையலறைக்கு வந்தார். பத்து நிமிடத்தில் மறுபடி போய் மேலே எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தார். மூன்றாம் முறை போகுமுன் பக்கத்து வீட்டிலிருந்து குரல்: “மாமி, தண்ணீர் வழிகிறது!” தினமும் இப்படித்தானாம். குக்கரில் நான்காவது விசில் வந்தால் அணைக்க வேண்டும் என்பது கணக்கு. அன்று பருப்பு வேறு, விசில் கணக்கும் வேறு.

மாலையில் வாசல் விளக்கு. அம்மா சாமி விளக்கை ஏற்றிவிட்டு, அதே நடையில் வந்து வாசல் சுவிட்சைப் போடுகிறார். இரவு அணைக்கத்தான் மறந்துபோகிறது. காலை ஏழு மணிக்கு வெயிலில் அது எரிந்துகொண்டிருக்கும்.

இரவு நான் அங்கே இல்லை, கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு, மூன்று முறை குளியலறைக்கு எழுந்திருக்க வேண்டும். படுக்கையறையிலிருந்து குளியலறைக்கு ஒரு நடைவழி. அதன் சுவிட்ச் மறுமுனையில். கணவர் விழித்துக்கொள்வார் என்று அம்மா இருட்டிலேயே போவாராம். “சுவரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவேன்” என்றார். போய்ப் பார்த்தேன். வெள்ளையடித்த சுவரில் இடுப்பு உயரத்தில் கைபட்டுக் கைபட்டு ஒரு பழுப்புக் கோடு, கதவு நிலையிலிருந்து திருப்பம் வரை. திருப்பத்தில் கோடு அறுந்து, ஓரடி தள்ளி மறுபடி தொடங்குகிறது. அந்த ஓரடியில் பிடிப்பதற்கு எதுவும் இல்லை.

எனக்கு வேண்டிய வரைபடம் அந்தச் சுவரிலேயே இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூன்று வேலைகள் மட்டும்: மோட்டார், வாசல் விளக்கு, நடைவழி. கூடவே கீசருக்கு ஒரு தானியங்கி நிறுத்தம். ஒலிபெருக்கியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் வைத்தோம். மகளுக்கு வருத்தம்தான், திரை, ஏசி, வாசற்பூட்டு என்று அடுத்த பட்டியல் அவரிடம் தயாராக இருந்தது.

பெரியவர் ஒரு நிபந்தனை போட்டார்: “இன்டர்நெட் இல்லாத அன்றைக்கு வீடு நேற்று மாதிரி ஓட வேண்டும்.” அதையே விதியாக வைத்துக்கொண்டேன். சுவர் சுவிட்ச் எப்போதும் கைக்குக் கட்டுப்பட வேண்டும். நேரக்கணக்கு சாதனத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், எங்கோ இருக்கிற சர்வரில் அல்ல. இது வெறும் முதியவரின் பயம் இல்லை. 2016 மே மாதம் அமெரிக்காவில் ரிவால்வ் என்ற வீட்டு மையக் கருவியின் சேவையை, அதை வாங்கியிருந்த நெஸ்ட் நிறுவனம் நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களின் வீட்டில் அது வெறும் டப்பாவாகிப்போனது.

அதனால் ஸ்மார்ட் பல்புகளை விட்டுவிட்டு, சுவிட்ச் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து, வைஃபை வழியாகவும் விளக்கைப் போட்டு அணைக்கும் சிறிய ரிலே கட்டைகளைத் தேர்ந்தோம். சாதாரண பல்பு, சாதாரண சுவிட்ச்; நடுவில் இந்தக் கட்டை. அதற்கு மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியோடு, அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியும் வேண்டும். நம் ஊர்ப் பலகைகளில் ஒரு நன்மை: சுவிட்சுகளோடு ஒரு சாக்கெட்டும் அதே பலகையில் இருந்தால் நியூட்ரல் அங்கேயே கிடைத்துவிடும். வாசல் பலகையில் இருந்தது. மாடிப்படிப் பலகையில் வெறும் சுவிட்ச் மட்டும், நியூட்ரல் இல்லை. மேலும் கீழும் இரண்டு இடத்தில் போட்டு அணைக்கும் இருபக்க வயரிங் வேறு. அதைத் தொடவே இல்லை. பழைய மரப்பெட்டியும் உதவியது: உள்ளே இடம் தாராளம், இரும்புப் பெட்டிபோல வைஃபை அலையைத் தடுப்பதும் இல்லை.

முதலில் வயரிங்

சாதனங்களுக்கு முன் மூன்று நாள் வேறு வேலை. வீட்டில் இன்னும் ஃபியூஸ் கட்டைகள்தான் இருந்தன. எர்த் குழி வறண்டு கிடந்தது. கசிவு மின்சாரத்தைக் கண்டு நிறுத்தும் கருவி இல்லை. மோட்டாரும் கீசரும் தண்ணீரோடு புழங்குகிறவை. அவற்றைத் தொலைவிலிருந்து ஓட்டுவதாக இருந்தால் இது முதல் தேவை. ஃபியூஸுக்குப் பதிலாக எம்சிபிகளையும், கசிவைக் கண்டு நிறுத்தும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியையும் போட்டேன்.

போட்ட அன்றே ஆர்சிசிபி தானாக அணைந்து விழுந்துகொண்டே இருந்தது. கசிவைத் தேடி ஒரு பகல் போயிற்று. கசிவு எங்கும் இல்லை. இன்வெர்ட்டர் இணைப்பு கொடுத்த காலத்தில் அதன் ஃபேஸைத் தனியாக இழுத்துவிட்டு, நியூட்ரலை வீட்டின் பொது நியூட்ரலிலேயே சேர்த்திருந்தேன். போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் ஆர்சிசிபிக்குக் கணக்கு ஒட்டவில்லை. என் பழைய வேலை என்னையே பார்த்துச் சிரித்தது. இன்வெர்ட்டர் நியூட்ரலைத் தனியாகப் பிரித்து இழுத்த பிறகு நின்றது. மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இந்த மூன்று நாளில்தான் போனது. அதை மகளிடம் விளக்கச் சற்று நேரம் பிடித்தது.

வைஃபையில் ஒரே ஒரு சிக்கல். ரூட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் கொடுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் வாங்கிய ரிலே கட்டைகளுக்கு 2.4 மட்டும்தான் புரியும். கைப்பேசி 5-இல் நின்றுகொண்டு கட்டையைத் தேடினால் இணைப்பு கிடைப்பதில்லை. மகள் முன்பு இரண்டு மணி நேரம் போராடியதும் இதனால்தான். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்ததும் ஐந்து நிமிட வேலை. ரூட்டரை இன்வெர்ட்டர் இணைப்புக்கு மாற்றினேன்.

அமைத்தது, 2023 டிசம்பர்

மோட்டார் அரை குதிரைத்திறன்தான் என்றாலும், புறப்படும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். ரிலே கட்டையை நேராக மாட்டினால் அதன் முனைகள் ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அணைத்தாலும் மோட்டார் நிற்காது. அதனால் நடுவில் ஒரு கான்டாக்டர், அதாவது பெரிய சுமையைத் தாங்கும் காந்தச் சுவிட்ச். ரிலே கட்டை கான்டாக்டரின் சுருளை மட்டும் இயக்கும். மோட்டாரின் சுமையைக் கான்டாக்டர் தாங்கும். கட்டையில் 25 நிமிட நிறுத்தம் பதித்தேன். மின்சாரம் போய் வந்தால் அணைந்தே இருக்கும்படியும் வைத்தேன்; யாரும் இல்லாத நேரத்தில் மோட்டார் தானே கிளம்பக் கூடாது. போட்டு நிறுத்த, சமையலறை வாசலில் காலிங் பெல் அழுத்துவதுபோல ஒரு பொத்தான், பக்கத்தில் சிறு சிவப்பு விளக்கு.

மாடித் தொட்டியில் ஒரு மிதவைச் சுவிட்ச். அதற்கு 230 வோல்ட்டை மொட்டைமாடி வரை கொண்டுபோக எனக்கு மனமில்லை. மழையும் வெயிலும் பட்டு வயரின் தோல் வெடிக்கும். 12 வோல்ட் மட்டும் மேலே போகிறது; கீழே அது ஒரு சிறு ரிலேயைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தொட்டி நிறைந்தால் மிதவை தொடர்பை விடும், ரிலே விழும், மோட்டார் நிற்கும். குரங்கு வயரை அறுத்தாலும் மோட்டார் நிற்கும். இதைப் பெரியவருக்கு விளக்கத் தொடங்கினேன். அவர் பாதியிலேயே கையமர்த்தினார். “கைகாட்டி மரம். கம்பி அறுந்தால் கை தானாக ‘நில்’ என்ற நிலைக்கு வந்துவிடும். ரயில் போகக் கூடாது, அவ்வளவுதானே?” அன்றைக்குப் பிறகு அவர் இந்த வேலையை மகளுடையது என்று சொல்வதை விட்டுவிட்டார். நான் ஏணியில் நிற்கும்போது கீழே ஸ்குரூடிரைவரோடு நிற்பார்.

வாசல் விளக்கில் என் கணக்கு தப்பியது. செயலியில் சூரிய அஸ்தமனத்தை வைத்து எரியவிடும் வசதி உண்டு. திருச்சியில் நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும், ஜூலையில் ஆறரை தாண்டும். கடிகார நேரத்தைவிட இது நல்லது என்று அதை வைத்தேன். இரண்டாம் நாளே அம்மா கூப்பிட்டார். “சாமிக்கு விளக்கு வைக்கும் முன்னால் வாசலில் விளக்கு எரிகிறது. எனக்கு மனசுக்குச் சரியாக இல்லை தம்பி.” அது அவர் மறக்கிற வேலை இல்லை, அவர் விரும்பிச் செய்கிற வேலை. மறப்பது அணைப்பதைத்தான். எரியவிடுவதை அவர் கைக்கே விட்டுவிட்டு, இரவு 10.30-க்கு அணைவதை மட்டும் வைத்தேன். அஸ்தமனமாகி நாற்பது நிமிடமாகியும் யாரும் போடாவிட்டால் அது தானே எரியும். மகளுக்கு ஒரு செய்தி போகும். கேமராவுக்குப் பதிலாக இது போதுமா என்று மகளிடம் கேட்டேன். பெற்றோரிடமும் இதைச் சொல்லி, சரி என்று கேட்டுக்கொண்டே அமைத்தேன். பெரியவர் யோசித்துவிட்டு, “விளக்கு எரிகிறதா என்று தெருவில் போகிறவனே பார்க்கிறான். அவள் பார்க்கட்டும்” என்றார்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் இரண்டு முறை போகவைத்தது. இரவு விளக்கு தானாக அணைந்தாலும் சுவிட்ச் கீழ்நோக்கி, போட்ட நிலையிலேயே இருக்கும். மறுநாள் மேலே தள்ளினால் எரியும். நம் கைக்குக் கீழே என்றால் போடுவது, மேலே என்றால் அணைப்பது. அம்மாவுக்குத் தலைகீழாக இருந்தது. சுவிட்சைக் கழற்றிவிட்டு அங்கும் பெல் பொத்தானை வைத்தேன். பிரச்சினை போயிற்று. முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

கீசருக்கு, சுவர் சுவிட்சுக்குப் பின் 16 ஆம்பியர் தாங்கும் கட்டை. சுவிட்சைப் போட்டதும் ஓடத் தொடங்கி முப்பது நிமிடத்தில் தானே நிற்கும். அணைக்க மறந்தாலும் கவலையில்லை.

நடைவழிக்கு வைஃபை எதுவும் இல்லை. ஆள் அசைந்தால் எரியும் பேட்டரி விளக்குகள் இரண்டு. ஒன்று கதவு நிலைக்கருகே, இன்னொன்று அந்தக் கோடு அறுந்த திருப்பத்தில், முழங்கால் உயரத்தில், கண்ணைக் கூசாத மஞ்சள் வெளிச்சம். திருப்பத்தில் ஒரு எஃகுக் கைப்பிடியும் பதித்தோம். மொத்த அமைப்பிலேயே அம்மாவுக்கு மிகவும் பிடித்தது அந்தக் கைப்பிடிதான்.

ஒலிபெருக்கியின் மொழிப் பட்டியலில் ஆங்கிலமும் இந்தியும் இருந்தன, தமிழ் இல்லை. அம்மா அதனோடு பேசுவதில்லை. காலையில் பக்திப் பாட்டுப் போடும் வேலையில் அது இருக்கிறது.

பிறகு நடந்தது

வைகுண்ட ஏகாதசியன்று இருவரும் ஸ்ரீரங்கம் போய்விட்டார்கள். மாலையில் மகளுக்குச் செய்தி. பதறிப்போய் எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் தொலைபேசி. அதன்பின் மாலையில் வெளியே போனால் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது என்று பேசிக்கொண்டார்கள். ஓராண்டில் அந்தச் செய்தி ஐந்து முறை வந்தது. நான்கு, கோயிலும் கல்யாணமும். ஒருமுறை பெரியவருக்குக் காய்ச்சல். அம்மா ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் கூட்டிப்போயிருந்தார், கைப்பேசி வீட்டில். பக்கத்து வீட்டார் சொல்லி மகளுக்கு ஏழு மணிக்கே தெரிந்துவிட்டது.

ஜனவரியில் ஒரு நாள் மகள் அலுவலகத்தில் தோழிக்குக் காட்டுவதற்காக வாசல் விளக்கை இரண்டு முறை போட்டு அணைத்தார். இங்கே பெரியவர் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அன்று இரவு நடந்த பேச்சு எனக்குத் தெரியாது. மறுநாள் எனக்கு வந்த வேண்டுகோள் சுருக்கமானது. மோட்டாரும் கீசரும் மகளின் கைப்பேசியிலிருந்து எடுக்கப்பட்டன. வாசல் விளக்கு மட்டும் இருக்கிறது, தொடமாட்டேன் என்ற வாக்கோடு.

மின்கட்டணம் கூடுமா என்று பெரியவர் பென்சிலோடு கேட்டார். மூன்று கட்டைகளும் 12 வோல்ட் அடாப்டரும் சும்மா இருக்கும்போது ஆளுக்கு ஒரு வாட் என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டு மாதக் கணக்கில் ஏறக்குறைய ஆறு யூனிட். பகலில் எரிந்த வாசல் விளக்கை எதிர்ப்பக்கம் எழுதிக் கழித்துக்கொண்டார்.

2024 மே மாதத்தில்தான் உண்மையான சேதம். முந்தைய இரவு தெருவில் தண்ணீர் வரவில்லை, கீழ்த்தொட்டி காலி. அம்மா வழக்கம்போலச் சமையலறைப் பொத்தானை அழுத்தினார். மேல்தொட்டி நிறையவே இல்லை, அதனால் மிதவையும் நிறுத்தவில்லை. மோட்டார் 25 நிமிடம் தண்ணீர் இல்லாமல் சுற்றியது. சீல் எரிந்து, மறுநாள் தண்ணீர் வந்தபோது அச்சுப் பக்கம் ஒழுக ஆரம்பித்தது.

பழைய ஏற்பாட்டில் இது நடந்திருக்காது. பின்கட்டில் நின்று சுவிட்ச் போட்ட காலத்தில், வெறும் மோட்டாரின் சத்தம் அம்மாவுக்குத் தெரியும். “உர்ரென்று வறட்டுச் சத்தம் போடும், உடனே அணைத்துவிடுவேன்” என்றார். முழங்காலுக்கு நல்லது என்று பொத்தானைச் சமையலறைக்குக் கொண்டுவந்தேன். அதோடு அந்தக் காதையும் மோட்டாரிடமிருந்து பிரித்துவிட்டேன் என்பது எனக்கு உறைக்கவில்லை. சீல் மாற்றிய கையோடு கீழ்த்தொட்டியிலும் ஒரு மிதவையைப் போட்டு, மேல் மிதவையோடு ஒரே வரிசையில் இணைத்தேன். மேலே இடமும் கீழே தண்ணீரும் இருந்தால் மட்டுமே ஓடும். அந்தக் கூலியை நான் வாங்கவில்லை.

அதே வெயிலில் நடைவழி விளக்குகளும் மந்தமாயின. இந்தச் சென்சார்கள் உடம்புச் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்பவை. இரவிலும் சுவர் கொதிக்கும் மே மாதத்தில் அந்த வேறுபாடு குறைந்துவிடுகிறது. அம்மா இரண்டடி நடந்த பிறகே எரிந்தது. கதவு விளக்கைக் கட்டிலின் பக்கம் நகர்த்தியதும் சரியாயிற்று. மற்றபடி ஒரு பல்லி மட்டும் அவ்வப்போது சென்சாரின் முகத்திலேயே ஏறி விளக்கைப் போட்டுவிடும். நள்ளிரவில் பல்லி விளக்குப் போட்டால் என்ன பலன் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை என்கிறார் பெரியவர்.

மறுபடி செய்வதென்றால்

கீழ்த்தொட்டி மிதவை முதல் நாளே இருக்கும். சுவிட்சை இடம் மாற்றும்போது, அந்த இடத்தில் நின்றவர் கண்ணாலும் காதாலும் வேறு என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்பேன். நோட்டில் எத்தனை முறை போனார் என்று எழுதினேன். போன இடத்தில் என்ன கவனித்தார் என்று எழுதவில்லை.

சாதனங்களின் கணக்கை மகளின் அலுவலக மின்னஞ்சலில் தொடங்கியது இன்னொரு பிழை. அவர் வேலை மாறியபோது அந்த மின்னஞ்சல் மூடப்பட, எல்லாவற்றையும் அழித்து மறுபடி இணைக்க வேண்டியிருந்தது. ஒரு ஞாயிறு பிற்பகல் போனது. இப்போது பெரியவர் பெயரில் ஒரு மின்னஞ்சல். கடவுச்சொல் ரேஷன் அட்டை இருக்கும் பிளாஸ்டிக் உறையில்.

மேட்டர் என்ற பொதுத் தரம் 2022-இல் வெளிவந்துவிட்டது; வெவ்வேறு நிறுவனங்களின் சாதனங்கள் ஒரே மொழி பேசுவதற்கானது. எங்கள் கடைத்தெருவில் அப்போது அந்த வகை ரிலே கட்டை கிடைக்கவில்லை. இன்று கிடைத்தால் அதையே வாங்குவேன். ஓடிக்கொண்டிருப்பதை அதற்காகக் கழற்ற மாட்டேன்.

மகளின் இரண்டாவது பட்டியல் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. அதிலிருந்து ஒன்றைக்கூட யாரும் இதுவரை கேட்கவில்லை. அம்மா கேட்டது ஒன்று: கட்டிலருகே அழுத்தினால் ஹாலில் அடிக்கும் ஒரு மணி. முந்நூற்றுச் சொச்ச ரூபாய்க் காலிங் பெல், இணையம் வேண்டாதது. மாட்டிக் கொடுத்தேன்.

ஹால் சுவிட்சில் டேப் ஒட்டிய பசை முழுதாகப் போகவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தும் ஒரு மங்கல் தெரிகிறது. நடைவழி விளக்குகளின் பேட்டரி மாற்ற வேண்டிய நாளைப் பெரியவர் தினசரிக் காலண்டரில், பால் கணக்குக்குக் கீழே குறித்து வைத்திருக்கிறார்: தை முதல் வாரம், இரண்டு விளக்கு, தலா மூன்று.